வெளிநாட்டில் ஆங்கிலப் பயிற்சி: கல்லூரி ஆசிரியர்கள் என்ன செய்துவிட்டுப் புறப்பட வேண்டும்?

தேர்வுத் தாள் திருத்தி முடித்து ஜூனில் கல்லூரி திறக்கும்வரை கிடைக்கிற இடைவெளியில், இங்கிலாந்துக்கோ மால்டாவுக்கோ போய் மூன்று நான்கு வாரம் ஆங்கிலம் படித்துவிட்டு வர நம் உதவிப் பேராசிரியர்கள் பலருக்கு ஆசை இருக்கிறது. நியாயமான ஆசைதான். வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கி, பல வருடம் பாடம் நடத்தியவர்கூட சர்வதேசக் கருத்தரங்கில் கேள்வி நேரம் வந்ததும் பேச்சைச் சுருக்கிக்கொள்கிறார். அவருக்குப் பாடம் தெரியும், பதிலும் தெரியும். அந்த நேரத்தில் வாக்கியம்தான் வர மறுக்கிறது.

ஆங்கிலத் துறையில் இருப்பதால், புறப்படுகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்பதுண்டு. எந்த ஊர், எந்த ஸ்கூல், எவ்வளவு செலவு என்பதுதான் எல்லோருடைய முதல் கேள்வி. அவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது, எந்தப் பாடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறீர்கள் என்பது. வெறுங்கையோடு போகிறவருக்கு அங்கே கிடைப்பது பொதுவான உரையாடல் பயிற்சி. தன் வகுப்பையும் கட்டுரையையும் கொண்டு போகிறவருக்கோ அதே நான்கு வாரம் தன் தொழிலுக்கான பயிற்சியாகிவிடும்.

முதலில் உங்கள் வகுப்பை நீங்களே கேளுங்கள்

அடுத்த வாரம் ஏதாவது ஒரு வகுப்பில் போனை மேசைமேல் வைத்து இருபது நிமிடம் பதிவு செய்யுங்கள். வீட்டில் கேட்கும்போது உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்படாமல் மூன்று இடங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, எங்கே தமிழுக்கு மாறினீர்கள்? பின்வரிசை மாணவனுக்குப் புரிய வேண்டுமென்று மாறியிருந்தால் அது நல்ல ஆசிரியரின் வேலை, அதை யாரும் திருத்த வேண்டியதில்லை. ஆங்கில வாக்கியம் பாதியில் நின்றுபோனதால் மாறியிருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு, சமன்பாடு, வரைபடம், அட்டவணை வரும் இடங்கள். பல பேர் அங்கே பேச்சை நிறுத்திவிட்டு "திஸ் இஸ் ஈக்வல் டு திஸ்" என்று பலகையைத் தட்டிக் காட்டுகிறார்கள். மூன்று, மாணவர் கேள்வி கேட்டதும் நீங்கள் சொல்லும் முதல் வாக்கியம்.

இந்த மூன்று இடங்களிலிருந்து ஒரு பக்கக் குறிப்பு எழுதுங்கள். பின்னால் அங்குள்ள மொழிப்பள்ளிக்கு மின்னஞ்சல் எழுதும்போதும், முதல் நாள் அங்கே ஆசிரியரிடம் பேசும்போதும் இந்தப் பக்கம்தான் உதவும்.

உங்கள் நிலை என்ன?

மொழித்திறனை அளக்க உலகம் முழுக்க மொழிப்பள்ளிகள் பயன்படுத்துவது ஐரோப்பிய கவுன்சில் வகுத்த, கீழிருந்து மேலாக ஆறு படி: ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2. ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு எழுதியிருந்தால் 5.5 முதல் 6.5 வரை பி2, 7 முதல் 8 வரை சி1 என்று வைத்துக்கொள்ளலாம். எழுதாதவர்கள் கேம்பிரிட்ஜ் ஆங்கிலத் தேர்வு அமைப்பின் தளத்தில் உள்ள இலவசத் தேர்வை எழுதிப் பார்க்கலாம். தோராயமாக நிலை தெரிந்துவிடும்.

இங்கே ஒரு கணக்கைப் பார்த்துவிட வேண்டும். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏற சுமார் 200 மணி நேரப் பயிற்சி தேவை என்பது கேம்பிரிட்ஜ் கொடுக்கும் மதிப்பீடு. பி2வுக்கு மொத்தம் 500 முதல் 600 மணி, சி1க்கு 700 முதல் 800 மணி. தீவிரப் பயிற்சி என்றால் வாரத்துக்கு 20 முதல் 25 மணி நேரம் வகுப்பு. நான்கு வாரத்துக்கு 80 முதல் 100 மணி. ஆக, ஒரு மாதத்தில் பி2விலிருந்து சி1க்குப் போய்விடலாம் என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் நம்பாதீர்கள். ஒரு மாதத்தில் பாதிப் படி ஏறலாம். அந்தப் பாதி உங்கள் வகுப்புக்கு வேண்டிய பாதியாக இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் சாமர்த்தியம்.

பி1க்குக் கீழே இருப்பவர் இப்போது வெளிநாடு போகவே வேண்டாம் என்பது என் கருத்து. அந்த நிலையில் கற்க வேண்டிய இலக்கணத்தையும் அடிப்படைப் பேச்சையும் சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலிலோ, ஹைதராபாத் ஆங்கில மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகமான இஃப்ளுவிலோ படிக்கலாம், செலவும் குறையும். லட்சக்கணக்கில் செலவழித்து அங்கே போய் காலங்களும் வினைவடிவங்களும் படிப்பது வீண்.

எந்த வகைப் பயிற்சி?

விளம்பரங்களில் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் உள்ளே வேறு வேறு சரக்கு. ஜெனரல் இங்கிலீஷ் என்பது பொதுப் பேச்சு. அகடமிக் இங்கிலீஷ் என்பது கட்டுரை எழுதுதல், விரிவுரை கேட்டல், கருத்தரங்கில் பேசுதல். ப்ரீ-செஷனல் என்பது ஒரு பிரிட்டிஷ் பல்கலைக்கழகத்தில் சேர இடம் கிடைத்த மாணவர்களுக்கானது, உங்களுக்கில்லை. செல்ட்டா என்பது ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கான தகுதிப் பயிற்சி. நான்கு வாரம்தான் என்பதால் மற்றத் துறைக்காரர்களும் விசாரிக்கிறார்கள். இயற்பியல் ஆசிரியருக்கு அதனால் பயனில்லை.

நீங்கள் தேட வேண்டியது ஈஎம்ஐ என்ற பெயரில் வரும் பயிற்சி. இங்கிலீஷ் மீடியம் இன்ஸ்ட்ரக்‌ஷன் என்பதன் சுருக்கம். தன் துறைப் பாடத்தை ஆங்கிலத்தில் நடத்தும் பேராசிரியர்களுக்கென்றே அமைத்தது. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் தங்கள் ஆசிரியர்களை ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் உதவித்தொகையில் இதற்கு அனுப்புவதால், இத்தாலி, ஸ்பெயின், துருக்கி ஆசிரியர்களோடு உட்கார்ந்து படிக்கலாம். அவர்களும் உங்களைப் போலவே தாய்மொழியில் சிந்தித்து ஆங்கிலத்தில் நடத்துகிறவர்கள். இந்தத் துணைக்காகவே ஈஎம்ஐ வகுப்பைப் பரிந்துரைப்பேன். இது பெரும்பாலும் ஒன்று இரண்டு வாரம்தான் இருக்கும். அதோடு இரண்டு வாரம் அகடமிக் இங்கிலீஷ் சேர்த்துக்கொண்டால் ஒரு மாதம் நன்றாக நிறையும்.

பள்ளிக்கு எழுதும்போது "ஒரு லெசன் எத்தனை நிமிடம்?" என்று கட்டாயம் கேளுங்கள். வாரத்துக்கு 20 லெசன் என்று போட்டிருப்பார்கள். லெசன் 45 நிமிடம் என்றால் அது 15 மணி நேரம்தான். அதிகபட்சம் வகுப்புக்கு எத்தனை பேர், நான் செல்லும் வாரத்தில் என் நிலையில் பெரியவர்கள் எத்தனை பேர் பதிவு செய்திருக்கிறார்கள், என் விரிவுரையை வகுப்பில் நடத்திக் காட்டித் திருத்தம் பெற வாய்ப்பு உண்டா? கடைசிக் கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் வேறு பள்ளி பாருங்கள்.

எந்த ஊர், எந்த மாதம்

பிரிட்டனில் என்றால் பிரிட்டிஷ் கவுன்சில் அங்கீகாரம் பெற்ற பள்ளி மட்டும். பட்டியல் இணையத்தில் இருக்கிறது. லண்டனில் வாடகை அதிகம். நார்விச், பிரைட்டன், எடின்பரோ போன்ற ஊர்களில் நல்ல பள்ளிகள் உண்டு. அயர்லாந்தில் டப்ளின், கார்க், கால்வே. மால்டாவில் மால்டிய மொழியோடு ஆங்கிலமும் ஆட்சிமொழி. 1964 வரை பிரிட்டன் ஆட்சியில் இருந்த தீவு அது. தெருவில் மால்டிய மொழியும் நிறையக் காதில் விழும்.

மே மாதம் நமக்கு வசதியாக அமைந்திருக்கிறது. ஜூலை, ஆகஸ்டில் இந்தப் பள்ளிகளெல்லாம் ஐரோப்பியப் பள்ளிப் பிள்ளைகளால் நிரம்பிவிடும், தங்குமிடமும் விலை ஏறும். மேயில் வருபவர்கள் பெரும்பாலும் வேலையில் இருக்கும் பெரியவர்கள்.

அனுமதி, விசா, பணம்

அரசுக் கல்லூரியில் இருப்பவர்கள் வெளிநாடு போகத் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். கோப்பு பிரின்சிபல் மேசையிலிருந்து மேலே போய்த் திரும்பி வர நாளாகும். ஜனவரியிலேயே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள். கூடவே, இந்தப் பயிற்சி பதவி உயர்வுக்கான சிஏஎஸ் கணக்கில் சேருமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கல்லூரி ஆசிரியர்களுக்கென யுஜிசியின் மாளவியா மிஷன் மையங்கள் நடத்தும் பயிற்சிக்குப் பதிலாக இதை எடுத்துக்கொள்வார்கள் என்று நீங்களாக நினைத்துக்கொண்டு போகக் கூடாது.

பிரிட்டனில் ஆறு மாதத்துக்குள் முடியும் படிப்புக்கு ஸ்டாண்டர்ட் விசிட்டர் விசா போதும். பள்ளி அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆறு முதல் பதினொரு மாதம்வரை ஆங்கிலம் படிப்பதற்குத் தனி விசா இருக்கிறது, அதற்குக் காசநோய்ப் பரிசோதனைச் சான்றும் வேண்டும். விசிட்டர் விசாவுக்குப் பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். முடிவு வர வழக்கமாக மூன்று வாரம். மால்டா ஷெங்கன் நாடு, அதாவது ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஒரே விசாவில் போகலாம். அயர்லாந்து ஷெங்கனில் இல்லை, அதற்குத் தனி விசா.

விசா அதிகாரி பார்ப்பது இரண்டு விஷயம்: செலவுக்குப் பணம் இருக்கிறதா, திரும்பி வருவாரா? உங்களிடம் இருக்கும் பலமான காகிதம் கல்லூரிக் கடிதம்தான். பதவி, பணியில் சேர்ந்த தேதி, சம்பளம், விடுப்பு எந்தத் தேதி முதல் எந்தத் தேதிவரை, எந்த நாளில் மீண்டும் பணியில் சேர வேண்டும், எந்தப் பயிற்சிக்காக அனுப்புகிறார்கள் என்று எல்லாம் ஒரே கடிதத்தில் இருக்கட்டும். விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் வங்கிக் கணக்கில் திடீரென்று பெரிய தொகை போட்டு வைப்பது சந்தேகத்தைத்தான் கிளப்பும். சீட்டுப் பணமோ நகைக்கடனோ வந்திருந்தால் அதற்கான ரசீதையும் இணையுங்கள்.

கட்டணத்தை வங்கி வழியாக அனுப்பும்போது ஒரு நிதியாண்டில் மொத்தம் 10 லட்சம் ரூபாய்வரை டிசிஎஸ் என்ற முன்கூட்டிய வரிப் பிடித்தம் இல்லை. 2025 ஏப்ரலுக்கு முன்பு இந்த வரம்பு 7 லட்சமாக இருந்தது. விசா கிடைக்காவிட்டால் கட்டணம் எவ்வளவு திரும்ப வரும் என்பதைப் பணம் கட்டும் முன்பே பள்ளியிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

கிளம்புவதற்கு முந்தைய மூன்று மாதம்

பயணத்தின் பலன் பாதி இங்கேதான் தீர்மானமாகிறது. நீங்கள் அடிக்கடி நடத்தும் பாடங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பதினைந்து நிமிட விரிவுரையாக ஆக்குங்கள். எழுதி மனப்பாடம் செய்ய வேண்டாம். குறிப்புகளை வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தாவது வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அந்தப் பாடத்தில் மாணவர் வழக்கமாகக் கேட்கும் ஐந்து கேள்விகளையும் எழுதி வையுங்கள். பாதியில் நிற்கும் ஒரு ஆய்வுக் கட்டுரையின் முன்னுரையையும் எடுத்து வையுங்கள்.

அடுத்து, உங்கள் துறையில் தினமும் வாயில் வரும் முப்பது கலைச்சொற்கள். ஒவ்வொன்றையும் அகராதித் தளத்தில் ஒலிக்கவிட்டு, அழுத்தம் எந்த அசையில் விழுகிறது என்று கோடிடுங்கள். தமிழ்ச் சொல்லில் எந்த அசையையும் தூக்கிச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. ஆங்கிலத்தில் ஒரு அசை ஓங்கி ஒலிக்கும், மற்றவை தேய்ந்துபோகும். நாம் "பாராமீட்டர்" என்று "மீ"யை நீட்டுகிறோம். அவர்கள் இரண்டாம் அசையை ஓங்கி "பரேமிட்டர்" என்கிறார்கள், "மி" குறுகிவிடுகிறது. "அனாலிசிஸ்" சொல்லும்போது "னா"வில் விழும் அழுத்தம், "அனலிட்டிக்கல்" என்றதும் "லி"க்கு நகர்ந்துவிடுகிறது. வேறு நாட்டவர் நம் பேச்சைப் புரிந்துகொள்ளத் தடுமாறும் இடங்களில் பல இப்படிப்பட்டவை. பிரிட்டிஷ்காரர் மாதிரி பேசப் பழக வேண்டும் என்று சொல்லவில்லை. நம் உச்சரிப்பு நமக்கு இருக்கட்டும். அந்த முப்பது சொற்களில் அழுத்தம் சரியாக விழுந்தால் போதும், ஜப்பானிய ஆய்வாளருக்கும் பிரேசில் மாணவருக்கும் உங்கள் பேச்சைத் தொடர்ந்து வர முடியும்.

பிறகு, சமன்பாட்டை வாய்விட்டுப் படிக்கும் பயிற்சி. பத்தின் மைனஸ் ஆறாம் அடுக்கை எப்படிச் சொல்வது, பின்னத்தின் மேல்பகுதி எங்கே முடிகிறது என்று குரலில் எப்படிக் காட்டுவது, வரைபடத்தில் கோடு மெல்ல ஏறுகிறது, சட்டென இறங்குகிறது, ஒரே மட்டத்தில் நிற்கிறது என்பதற்கெல்லாம் என்ன வினைச்சொல்? பாடப்புத்தகம் இதைச் சொல்லித் தராது, ஏனென்றால் புத்தகத்தில் சமன்பாட்டை யாரும் உரக்கப் படிப்பதில்லை. உங்கள் துறையின் விரிவுரையைக் காணொளியில் பார்த்து, பலகையில் எழுதும் கணத்தில் பேராசிரியர் என்ன சொல்கிறார் என்பதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

இதற்கு உதவும் இரண்டு இலவசக் களஞ்சியங்கள் உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மைகேஸ் தொகுப்பில், அங்கே நடந்த விரிவுரைகளும் கலந்துரையாடல்களும் 152 பேச்சு நிகழ்வுகளாக, சுமார் 18 லட்சம் சொற்களில் எழுத்தாக்கப்பட்டிருக்கின்றன. பேராசிரியர் ஒரு பகுதியை முடித்து அடுத்ததற்கு எப்படித் தாவுகிறார், மாணவர் தவறாகப் பதில் சொன்னால் முகம் சுளிக்காமல் எப்படித் திருத்துகிறார் என்பதையெல்லாம் அதில் பார்க்கலாம். எழுதுவதற்கு மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் அகடமிக் ஃப்ரேஸ்பேங்க். கட்டுரையின் ஒவ்வொரு பகுதிக்கும் ஏற்ற வாக்கிய அமைப்புகளை வகைப்படுத்தி வைத்திருக்கிறார்கள்.

அங்கே போன பிறகு

முதல் நாள் தேர்வு வைத்து வகுப்பு பிரிப்பார்கள். நம் ஆட்களுக்கு எழுத்துத் தேர்வில் இலக்கணம் நன்றாக வந்துவிடும், பேச்சு அந்த அளவுக்கு இருக்காது. அதனால் சில நேரம் மேல் வகுப்பில் போட்டுவிடுவார்கள். அல்லது நம் பேச்சின் வேகம் பிடிபடாமல் கீழே போட்டுவிடுவார்கள். பொருந்தாவிட்டால் இரண்டாம் நாளே கோர்ஸ் டைரக்டரிடம் சொல்லி மாற்றச் சொல்லுங்கள். அங்கே இது சாதாரணம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். முதல் வாரம் தாண்டினால் மாற்றுவது கடினம். அப்போதே உங்கள் ஒரு பக்கக் குறிப்பையும் கொடுத்து, விரிவுரை நடத்திக் காட்ட ஒரு நாளைக் கேட்டு வாங்குங்கள்.

நடத்திக் காட்டும்போது துறைக்கு வெளியே இருக்கும் ஆசிரியரும் சக மாணவர்களும் கேட்பது பெரிய நன்மை. உங்கள் துறை அவர்களுக்குத் தெரியாது என்பதால், நீங்கள் வழி காட்டாமல் விட்ட இடமெல்லாம் அப்படியே வெளியே தெரியும். நல்ல பயிற்சியாளர் முதலில் சொல்வது பெரும்பாலும் இதுதான்: இப்போது எதை முடித்தோம், அடுத்து எங்கே போகிறோம் என்று சொல்லுங்கள். "ஸோ தட்ஸ் த மெக்கானிசம். நவ் லெட்ஸ் லுக் அட் வை இட் ஃபெயில்ஸ்" என்று இரண்டு குட்டி வாக்கியம் போதும், கேட்பவருக்குப் பாதை தெரிந்துவிடும். நாம் ஸ்லைடை மாற்றிவிட்டு நேரே அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறோம். திருத்தம் வாங்கியதோடு விடாமல், அதே விரிவுரையை அடுத்த வாரம் மறுபடி நடத்த அனுமதி கேளுங்கள். ஒரே பாடத்தை இரண்டாம் முறை சொல்லும்போதுதான் திருத்தம் நாவில் ஏறும்.

கேள்வி நேரத்துக்குத் தனிப் பயிற்சி கேளுங்கள். கேள்வி முழுதும் புரியாதபோது பாதி புரிந்ததை வைத்துப் பதில் சொல்லத் தொடங்குவது நம்மிடையே பரவலான பழக்கம். "நீங்கள் கேட்பது இந்த வெப்பநிலையைப் பற்றியா, அழுத்தத்தைப் பற்றியா?" என்று புரிந்த பகுதியைச் சொல்லித் திருப்பிக் கேட்பது கௌரவக் குறைவு இல்லை. அதற்கான வாக்கியங்களைத் தினம் ஒரு சக மாணவரோடு பழகுங்கள்.

தங்குவதற்கு ஹோம்ஸ்டே எடுங்கள், இரவு உணவோடு. சைவமா, முட்டை உண்டா என்பதைப் பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள், போய்ச் சொன்னால் பாவம் அவர்களுக்கும் சிரமம். சாப்பாட்டு மேசையில் நடக்கும் பேச்சு வகுப்பில் கிடைக்காதது: ஒருவர் முடிக்கும் முன் இன்னொருவர் தொடங்குவார், பாதிச் சொல் விழுங்கப்படும், பேச்சு பஸ்ஸிலிருந்து தேர்தலுக்குத் தாவும். முதல் சில நாள் ஒன்றும் பிடிபடாது. தட்டோடு அறைக்குப் போய்விடாமல் உட்கார்ந்திருங்கள். மாலையில் வீட்டுக்குப் போன் செய்து தமிழில் பேசுவதை நிறுத்தத் தேவையில்லை. நாள் முழுக்க வேற்றுமொழியில் உழைத்த மூளைக்கு அந்த ஓய்வு வேண்டும்.

லண்டனிலோ பக்கத்திலோ இருந்தால் கிரெஷம் கல்லூரியின் பொது விரிவுரைகளுக்குப் போங்கள். 1597இல் தொடங்கிய நிறுவனம், இன்றும் இலவசம். கணிதம், மருத்துவம், வரலாறு என்று பல துறைப் பேராசிரியர்கள் பொதுமக்களுக்குப் புரியும்படி பேசுகிறார்கள். பெரும்பாலானவை இணையத்திலும் கிடைப்பதால், நேரில் கேட்ட விரிவுரையை அறையில் மறுபடி கேட்கலாம்.

திரும்பி வந்து

கிளம்பும் முன் வருகைச் சான்றிதழோடு ஆசிரியரின் எழுத்து மதிப்பீட்டையும் கேட்டு வாங்குங்கள். கல்லூரிக் கோப்புக்குச் சான்றிதழ் போதும், மதிப்பீடு உங்களுக்கு. கொண்டு போன முன்னுரை திருத்தம் பெற்றிருக்கும். சூடு ஆறுவதற்குள், செமஸ்டர் வேலை கழுத்தைப் பிடிப்பதற்குள், மீதிக் கட்டுரையை முடித்து இதழுக்கு அனுப்பிவிடுங்கள். உடன் படித்த துருக்கி, இத்தாலி ஆசிரியர்களில் ஒருவரோடாவது மாதம் ஒருமுறை காணொளியில் பேச ஏற்பாடு செய்துகொண்டால், பேசாமல் விட்டு மொழி துருப்பிடிப்பதைத் தவிர்க்கலாம்.

வகுப்பில் மட்டும் நிதானமாக இறங்குங்கள். உங்கள் முதலாண்டு மாணவர்களில் பலர் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்து வந்தவர்கள். ஜூன் மாதம் நீங்கள் திடீரென்று ஒரு மணி நேரமும் ஆங்கிலத்தில் பொழிந்தால் அவர்கள் குறிப்பெடுப்பதையே நிறுத்திவிடுவார்கள். கருத்தைத் தமிழில் விளக்குங்கள், அதே கருத்தை உடனே இரண்டு எளிய ஆங்கில வாக்கியத்தில் சொல்லுங்கள், கலைச்சொல்லைப் பலகையில் எழுதி அழுத்தம் விழும் அசைக்குக் கோடு போடுங்கள். மறுநாள் வகுப்பைத் தொடங்கும்போது அந்த இரண்டு வாக்கியத்தை ஒரு மாணவரைச் சொல்லச் சொல்லுங்கள். தேர்வில் அவர் எழுத வேண்டியது அந்த வாக்கியத்தைத்தான்.